அயனி மரத்து மோட்டார் சைக்கிள்

மக்கா,

இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் சுகம் என்று எழுத வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டதாக வைத்துக்கொள். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் வீட்டுக்கு எழுதுகிறான் என்றால் சட்டைத் துணி எடுத்தாயிற்றா, பந்தலுக்குச் சொல்லியாயிற்றா, யார் யாருக்கு அழைப்பு போகவில்லை என்று கேட்பான் என்று நினைத்துப் பிரித்தேன். நீ கேட்டிருப்பது பரணில் மிச்சம் கிடக்கும் அயனிப் பலகை நான்கு. இந்த முறை நீராவியில் ஓடும் மோட்டார் சைக்கிளாம். பிரான்சு தேசத்தில் ஒருவன் செய்ததாம். பெட்ரோல் வண்டிக்கும் முந்தியதாம். படத்தையும் பென்சிலால் வரைந்து அனுப்பியிருக்கிறாய். நீ முன்பு தொழுவத்தில் செய்த முதல் வண்டியில் உட்காருகிற இடத்துக்கு அடியில் தீ. இதில் உட்காருகிற இடத்துக்கு அடியில் கொதிக்கிற அண்டா. பலகை தரமாட்டேன். அது முன்வாசல் கதவுக்கு. முதலில் அறுத்த பலகையும் முன்வாசல் கதவுக்குத்தான் என்று உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். இருபது வருடமாக நம் வீட்டில் கதவுக்கு மட்டும் மரம் கிடைக்கவில்லை.

பலகை விஷயம் இத்தோடு முடிந்தது. இந்தக் கடிதம் வேறொன்றுக்காக. போன சனிக்கிழமை உன் மாமனாராகப் போகிறவர் இங்கே வந்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அவர் எதற்கு வந்தார், நான் என்ன சொன்னேன் என்பதை அவர் வாயிலிருந்து நீ கேட்பதற்கு முன்பு என்னிடமிருந்து கேட்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நாம் இருவரும் இரண்டரை வருடமாகச் சுற்றி நடந்து போகிற ஒரு விஷயத்தை நடுவில் எடுத்து வைக்க வேண்டும். பொறுமையாகப் படி. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் படி.

அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்று நீ ஒரு நாளாவது யோசித்திருப்பாயா என்று தெரியவில்லை. வீட்டில் இரண்டு ஆண்கள். உன் அப்பா நெய்யாற்றின்கரையில் வக்கீல் ஆபீசில் நகல் எழுதுகிற வேலையை விட்டுவிட்டு, நம் ஊரையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனார். நீ பஸ் ஒர்க்‌ஷாப்பில் கிடைத்த நல்ல வேலையில் பாதி நாள் லீவு போட்டு, ஜெர்மனியில் யாரோ செய்த உலகத்தின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளை மாட்டுத் தொழுவத்தில் செய்தாய். ஒருவர் எல்லையை நகர்த்தப் போனார். ஒருவன் மரத்துக்கு உயிர் கொடுக்கப் போனான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, விறகும் நானே கீறி, கிணற்றில் வெள்ளமும் நானே கோரினேன்.

மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். அதில் ஒரு தடித்த புத்தகத்தை உனக்குப் படிக்கக் கொண்டு வந்தது நான்தான். அந்தப் பாவம் என் தலையில்தான். நீ அதில் வேறு எதையும் படிக்கவில்லை. ஒரே ஒரு படம். மரச்சட்டம், மாட்டுவண்டிக்கு இருப்பது போல ஆரக்கால் வைத்து இரும்புப் பட்டை அடித்த இரண்டு மரச்சக்கரம், சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டு குட்டிச் சக்கரம், நடுவில் ஒற்றை எஞ்சின். ஆறு மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டாய். புத்தகத்தில் இன்றும் மீன்குழம்பு வாசம் அடிக்கிறது.

பிறகு வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் பலகை. அடுத்தது என் தையல் மிஷினின் தோல் பெல்ட். அது வண்டிக்குத் தாங்காது என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அதை நீ இரண்டாக வெட்டியிருந்தாய். அப்புறம் அப்பாவின் தோல் பெட்டி, இருக்கைக்கு. எஞ்சினுக்கு யாரோ தூக்கிப் போட்ட இறைவைப் பம்பை வாங்கி வந்து கழற்றினாய். சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் உனக்கு ஒத்தாசை வேலப்பன் ஆசாரி. அவரையும் நீ அழ வைத்தாய்.

“டீச்சரே, இவனுக்கு நல்ல புத்தி பறஞ்சு குடுங்க,” என்று ஒரு நாள் அவர் என்னிடம் வந்து நின்றார். “ரப்பர் டயர் போடுலேண்ணு சொன்னேன். வேண்டாமாம். இரும்புப் பட்டைதான் வேணுமாம். அதுல இருந்து ஓடினா முதுகெலும்பு தனியா வருமாக்கும்.”

நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா?

“அசல்ல இரும்புப் பட்டைதான் அம்மா.”

“அந்த விளக்கு என்னத்துக்குலே சீட்டுக்கு அடியில?”

“அது விளக்கு இல்ல. அந்தத் தீயிலதான் குழாய் பழுக்கும். குழாய் பழுத்தாத்தான் பெட்ரோல் ஆவி பத்தும். அந்தக் காலத்துல பிளக்கு கிடையாதில்லா.”

“சீட்டுல தீ புடிக்காதா?”

“புடிச்சிருக்கு. முதல் முதல்ல ஓட்டினவனுக்கே புடிச்சுதாம்.” இதைச் சொல்லும்போது உன் முகத்தில் எத்தனை சந்தோஷம்!

“தெரிஞ்சும் எதுக்குலே அங்கேயே வைக்க?”

“மாத்தினா அது நான் செஞ்ச வண்டி ஆயிரும் அம்மா. இது அவங்க செஞ்ச வண்டி.”

நல்ல மாதிரியாகச் செய்யத் தெரிந்த ஒருவன், மோசமாகத்தான் செய்வேன் என்று இரவல் பிடிவாதம் பிடிக்கிறான். அன்றுதான் எனக்கு முதல் முதலாக அந்தப் பயம் வந்தது. வெளியே சொல்லவில்லை. ராத்திரி ஜெபத்தில் மட்டும் சொன்னேன். அதை இங்கேயே குறித்து வைத்துக்கொள். பின்னால் நடந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த ஆடியில் போராட்டம் முற்றியது. எங்கும் போலீஸ், தடை உத்தரவு, நான்கு பேர் கூடி நின்றால் தடியடி. அப்பாவைப் பிடித்துக் கொண்டுபோய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. பாறசாலைச் சந்தையில் என்னிடம் பேசவே ஆட்கள் தயங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான், வேறு நாளே கிடைக்காதது போல, நீ வண்டியை ஓட்டிப் பார்த்தாய்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தொழுவத்திலிருந்து ஒரு வெடி. பழுத்த குழாய் தாங்காமல் தெறித்த சத்தம் என்று நீ அப்புறம் சொன்னாய். எனக்கும் ரோட்டில் போய்க்கொண்டிருந்த போலீஸ்காரர்களுக்கும் அது வெடிகுண்டுச் சத்தமாகத்தான் கேட்டது. அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது, ஜெயிலில் இருக்கிற போராட்டக்காரர் வீட்டிலிருந்து ஒரு வாலிபன் பின்பக்கம் தீப்பிடித்த நிக்கரோடு ரோட்டைப் பார்த்து ஓடி வருகிறான். கிணறு இந்தப் பக்கம் இருக்க, ஏன் மக்கா ரோட்டுக்கு ஓடினாய்? இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை. அவர்களே உன்மேல் மண்ணை வாரிப் போட்டு அணைத்து, அவர்களே பிடித்துக்கொண்டும் போனார்கள். வண்டியையும் பெட்ரோல் டின்னையும் மாட்டுவண்டியில் ஏற்றினார்கள்.

நான் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே நடந்தேன். அந்த சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இது வண்டி ஆணெங்கில் ஓடட்டே, டீச்சரே. ஓடியால் இப்போத்தன்னே விடாம்,” என்றார். ஓட்டிக் காட்டினால் அந்த நிமிஷமே விட்டுவிடுவதாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. நீ உடைந்த குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாய். “வேற குழாய் செய்யணும் சார். நாலு நாள் ஆகும்,” என்றாய். உள்ளே பெஞ்சில் உன் வயதுப் பையன்கள் ஆறேழு பேர், முகம் வீங்கி, உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. நாலு நாளாம்! அதற்குள் உன்னையும் ஏற்றிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. நீ அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாய்.

அதைப் பார்த்துத்தான் நான் சொன்னேன். “சாறே, இவனுக்கு சுபோதம் இல்ல சாறே. கொஞ்ச காலமாட்டு இப்பிடித்தான். சொன்னா விளங்காது.” எழுதித் தர முடியுமா என்று கேட்டார். மலையாளத்தில் எழுதினேன். என் மகன் புத்தி சுவாதீனம் இல்லாதவன், அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் சொல்ல ஆரம்பித்தபோது நீ சிரித்தாய். அம்மா நல்ல தந்திரம் செய்கிறாள் என்று நினைத்திருப்பாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். சிரிப்பு நின்றுவிட்டது. நான் பொய் சொன்னால் என் முகம் எப்படிப் போகும் என்று சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும். அன்று அது அப்படிப் போகவில்லை.

காகிதத்தை வாங்கிக்கொண்டு உன்னை என்னோடு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நான்கு மாதமும் சோறு, வெள்ளம், வாறேன், போறேன் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் மழையில் நனைந்து, கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டியை அவர்கள் திருப்பிக் கொடுத்தபோது தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தாய். மறுபடியும் பிரித்துச் சேர்த்தாய். ஒரு ஞாயிறு மத்தியானம் தொழுவத்தில் அது ஓடியது. டப், டப், டப் என்று நிற்காமல் ஓடியது. முற்றத்தைச் சுற்றி நீ போகிறாய், ஆசாரி கூவுகிறார், ஜெயிலிலிருந்து வந்திருந்த அப்பா கை தட்டுகிறார். நான் அடுக்களையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. வந்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு பத்து அடி நடந்து வாசலுக்கு வந்திருந்தால் போதும். என் கோபம் என்னை விடவில்லை என்று அப்போது நினைத்தேன். கோபம் இல்லை அது. நான் எழுதிக் கொடுத்த காகிதம் பொய்யாகி முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்க, எந்த முகத்தோடு வந்து பார்ப்பது? அடுத்த மாதமே நீ மார்த்தாண்டத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது கோடும் போட்டாயிற்று. உன் அப்பா நகர்த்தப் போன எல்லை, அவரை இந்தப் பக்கம் விட்டுவிட்டு, நடந்து போகிற தூரத்தில் தெற்கே நின்றுவிட்டது. நீ மெட்ராஸ் ராஜ்யம், நாங்கள் கேரளம். தன் சொந்த மகன் கல்யாணத்துக்கு வேறு ராஜ்யத்துக்குப் போக வேண்டும் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். பந்தலுக்கு ஆளைப் பார்க்கச் சொன்னால் மட்டும் காதில் விழுவதில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் மாமனார் வந்து உட்கார்ந்தார். காப்பியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அப்பா எல்லைக் கமிஷனைப் பற்றி ஆரம்பித்தார். நான் அவரைச் சர்க்கரை வாங்க அனுப்பினேன்.

“டீச்சரே, எனக்கு வளச்சுப் பேசத் தெரியாதாக்கும்,” என்றார் அவர். “ஒரு காரியம் கேக்கணும். வருத்தப்படப்பிடாது. மாப்பிளைக்கு புத்தி சரியில்லண்ணு பெத்தவளே போலீசுக்கு எழுதிக் குடுத்ததாட்டு அறிஞ்சேன். உள்ளதா?”

“ஆரு சொன்னா?”

“அது பொறவு சொல்லுகேன். உள்ளதா, இல்லையா?”

“எழுதினது உள்ளதுதான்.”

அவர் காப்பியைக் கீழே வைத்தார். “எனக்கு ஒரு தம்பி உண்டு. சுகமில்லாதவன். அவனுக்கு ஒருத்திய கெட்டி வச்சோம். சொல்லாமக் கெட்டி வச்சோம். அவ பட்ட பாட்ட நான் பதினாலு வருசம் ஒரே வீட்டுல இருந்து பாத்தவன். அதனாலதான் கேக்கேன். மகனக் காப்பாத்த பொய் எழுதினியளா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மக்கா. அவர் அதைத்தான் கேட்க விரும்பினார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்தத் தம்பியின் மனைவியைப் பற்றிச் சொன்ன மனிதரிடம் எனக்கு அது வாயில் வரவில்லை.

“இல்ல,” என்றேன். “பயந்துதான் எழுதினேன். ஆனா எழுதும்போ அதை நம்பித்தான் எழுதினேன். அவனுக்குக் கிறுக்கு புடிச்சுப் போச்சுண்ணு ஒரு வருசமாட்டே நினைச்சிட்டு இருந்தேன். நான் நினைச்சது தப்பு. அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவன் செய்யுதது என்னண்ணு எனக்கு விளங்கல்ல, அதாக்கும் காரியம்.”

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். எழுந்து, “வாங்க,” என்று தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ விட்டுப்போன வண்டியை மூடியிருந்த சாக்கை எடுத்தேன். அதற்கு மேல் செய்ததை ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னைத் திட்டுவதற்காகவே அத்தனை நாள் பின்னால் நின்றவளுக்கு எல்லாம் மனப்பாடமாகியிருந்தது. அடியில் இருக்கிற விளக்கைப் பற்ற வைத்தேன். குழாய் பழுக்கிறவரை காத்திருந்தேன். சேலையைச் செருகிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினேன். முதல் இரண்டு சுற்றுக்கு ஒன்றுமில்லை. உன்மேல் அப்போது வந்த ஆத்திரத்தில் மூன்றாவது சுற்று சுற்றினேன் பார், ஓடியது! ஐம்பது வயது தாண்டிய பள்ளிக்கூட டீச்சர் புகைக்குள் நின்று இருமிக்கொண்டிருக்கிறேன். உன் மாமனார் ரைஸ் மில் வைத்திருப்பவர் இல்லையா, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மரச்சட்டத்தை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. “இது கிறுக்கன் வேலை இல்ல,” என்று மட்டும் சொன்னார்.

முற்றத்துக்கு வந்ததும்தான் யார் சொன்னது என்று சொன்னார். “உங்க மவன்தான். எங்க மோளுக்கு எழுதியிருக்கான். இப்பிடி ஒரு காயிதம் ஸ்டேஷன்ல உண்டு, நாளைக்கு வேற ஆளு சொல்லி நீ கேக்கப்பிடாது, இஷ்டம் இல்லேண்ணா இப்பமே சொல்லீருண்ணு. கூடவே ஒண்ணு எழுதியிருந்தான். அம்மா என்னக் காப்பாத்த பொய் எழுதினாவ, அவியளுக்கு வேற வழி இல்ல, அவிய மேல கோபம் வைக்காதேண்ணு. நீங்களும் அதையே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் பேசி வச்சுட்டுதான் சொல்லுதியண்ணு நான் நினைச்சிருப்பேன். கல்யாணம் நடக்கட்டு, டீச்சரே.”

அவர் போன பிறகு நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து உன்னைத் திட்டினேன். மன்னித்துவிட்டேன் என்பதை இன்னும் முகம் பழகாத ஒரு பெண்ணுக்கு எழுதத் தெரிந்த உனக்கு, சோறு போட்டவளிடம் சொல்ல இரண்டரை வருடமாக வாய் வரவில்லை! மாதம் தவறாமல் எழுதுகிறாய். பல்சக்கரம் பற்றி எழுதுகிறாய். இதை எழுத ஒரு கார்டு கிடைக்கவில்லையா? நீ உன் அப்பாவின் பிள்ளைதான். ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார்.

இப்போது கேள். அந்தப் பெண்ணுக்கு நீ எழுதியதில், அம்மா பொய் எழுதினாள் என்கிற ஒரு வரி மட்டும் உண்மை இல்லை. அது உனக்கே தெரியும். அன்று நீ சிரிப்பை நிறுத்தியதை நான் பார்த்தேன். எனக்காக அவளிடம் பொய் சொல்லிக்கொண்டு குடும்பத்தைத் தொடங்காதே. அம்மா பயந்தாள், அதோடு தன் பிள்ளையைச் சந்தேகப்பட்டாள் என்று சொல். கேட்டுவிட்டு அவள் என்னை எப்படி நினைத்தாலும் சரி. அவளுக்கும் ஒரு நாள் உன் பிடிவாதம் விளங்காமல் போகும். அன்று உன்னைப் பற்றி மனதுக்குள் ஒரு முடிவு எடுத்து வைத்துக்கொள்ளாமல், உன்னிடமே வந்து கேட்கச் சொல். கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல். நான் ஒரு தடவைகூடச் சரியாகக் கேட்கவில்லை. நீ ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். எழுத்தர் இரண்டு அலமாரியைப் புரட்டினார். கேஸே இல்லையாம், காகிதமும் எங்கே என்று தெரியாதாம். “இல்லாத காயிதத்தத் திருப்பி வாங்கி என்ன செய்யப் போறிய டீச்சரே, வீட்டுக்குப் போங்க,” என்றார். நான் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன், மறுபடியும் மலையாளத்தில், அதே கையெழுத்தில். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, இதை எந்த ஃபைலில் வைப்பது என்று தலையைச் சொறிந்தார். எதிலாவது வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு நகலில் ஸ்டேஷன் முத்திரை வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வரிதான். ‘என் மகன் அன்று முழுப் புத்தியோடுதான் இருந்தான். அவனைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது தவறு.’ நீ கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருவாய், அப்போது கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்து நீட்ட எனக்குத் தைரியம் இல்லை, மக்கா. அதனால்தான் தபாலில்.

அம்மா